நமக்காகவும் கொஞ்சம்: ஏழு நாள் ஓடிய சைக்கிளும் நாங்களும்



கடந்த மாதம் வெள்ளவத்தையில் எங்கள் சந்திப்பு முடிந்து, தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு சகோதரி என்னைத் தனியே கூப்பிட்டார். வயது நாற்பத்தேழு. மட்டக்குளிப் பக்கம் ஒரு தையல் நிலையத்தில் வேலை. பஸ் காசு கட்டுப்படியாகவில்லை என்று பல மாதங்களாக நடந்தே போய் வருகிறார். இப்போது முழங்கால் வலி.

"அக்கா, மகன் 2022 இல பெற்றோல் இல்லாத நேரம் வாங்கின சைக்கிள் ஒண்டு மாடிப்படிக்குக் கீழ சும்மா நிக்குது. அவன் இப்ப மோட்டார் சைக்கிள் எடுத்திட்டான். நான் அதில வேலைக்குப் போனால் என்ன எண்டு யோசிக்கிறன்."

"போங்கோவன். என்ன தடை?"

"இந்த வயதில ஓடினால் ஆக்கள் என்ன சொல்லுவினம்? அதுவும் பார் வைச்ச ஆம்பிளையளின்ர சைக்கிள். மகனும் வேண்டாம் எண்டுறான்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல என்று தோன்றியது. எங்களில் எத்தனையோ பேருக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். ஊரில் ஓடினோம், வன்னியில் ஓடினோம். கொழும்புக்கு வந்ததும் விட்டுவிட்டோம். ஆகவே இந்த மாதம் சைக்கிளைப் பற்றியும், நீண்ட நேரம் ஒரு காரியத்தைத் தாங்கிச் செய்யும் உடம்பைப் பற்றியும் எழுதுகிறேன். அதற்கு முதலில், இதே கொழும்பு நகரில் சைக்கிள் மிதித்த ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும்.

விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி

1979 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் திகதி. கொழும்பு நகர மண்டபத்துக்கு எதிரே இருக்கும் விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றி ஒருவர் சைக்கிள் ஓடத் தொடங்கினார். அவர் நிறுத்தியது மே 10 ஆம் திகதி. இடையில் 187 மணித்தியாலங்களும் 28 நிமிடங்களும் கடந்திருந்தன. ஓடிய தூரம் 1487 மைல். ஏறத்தாழ 2390 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மூன்று தடவை போய், மூன்று தடவை திரும்பி வருவதற்குச் சமமான தூரம் இது. நிற்காமல் அதிக நேரம் சைக்கிள் ஓடியவர் என்று கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது.

அவர் வி. எஸ். குமார் ஆனந்தன். எங்கள் ஆட்கள் அவரை ஆழிக்குமரன் ஆனந்தன் என்றுதான் அழைப்பார்கள். வடமராட்சியைச் சேர்ந்தவர். தொழிலால் ஒரு சட்டத்தரணி. விளையாட்டு அவருக்குச் சம்பளம் தந்த தொழில் அல்ல. விருப்பத்தால் செய்தது.

ஆழிக்குமரன் என்ற பெயர் அவருக்குக் கடலால் வந்தது. 1971 இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், அங்கிருந்து திரும்பவும் நீந்தி வந்தார். 51 மணித்தியாலங்கள் எடுத்தன. பாக்கு நீரிணையை அவருக்கு முன்னரே நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி. 1954 இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தியவர் அவர். போய் வருவது என்ற சாதனை ஆனந்தனுடையது. அந்த நேரக் கணக்கு ஐம்பது ஆண்டுகள் நின்றது. 2021 இல் ரொஷான் அபேசுந்தர என்ற எங்கள் நாட்டு வீரர் 28 மணித்தியாலங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அதே பாதையில் போய் வந்து அதை முறியடித்தார்.

ஆனந்தன் கடலோடு நின்றுவிடவில்லை. 1980 இல் 33 மணித்தியாலங்கள் ஒற்றைக் காலில் நின்றார். 1981 இல் சென்னை அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலங்கள் தண்ணீரில் நின்ற நிலையிலேயே மிதந்தார். இப்படிப் பல. சிலர் இவற்றைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒற்றைக் காலில் நிற்பதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பார்கள். எனக்கும் சின்ன வயதில் அப்படித்தான் இருந்தது. ஐயா பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க, அம்மா அடுப்படியிலிருந்து, "அந்த மனுசனுக்கு வீட்டில வேலை ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டது ஞாபகம். இப்போது அறுபது வயதை எட்டும் நேரத்தில் அந்தக் கணக்குகளைத் திரும்பப் பார்க்கும்போதுதான் அவற்றில் எங்களுக்கும் சில பாடங்கள் இருப்பது தெரிகிறது.

அவர் வேகமாக ஓடவில்லை

1487 மைலை 187 மணித்தியாலங்களால் பிரித்துப் பாருங்கள். மணிக்கு ஏறத்தாழ 8 மைல், அதாவது 13 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இது என்ன வேகம்? ரியூசனுக்குப் போகும் பிள்ளை கதைத்துக்கொண்டு ஓடுகிற வேகம். சந்தையிலிருந்து மரக்கறிப் பையோடு திரும்பும் பெண்ணின் வேகம். உலக சாதனை செய்தவர் எங்கள் ஊர்ப் பெண்களின் வேகத்தில்தான் ஓடியிருக்கிறார்.

இது முதற் பாடம். நீண்ட நேரம் தாங்குவதற்கு வேகம் எதிரி. தொடக்கத்தில் மூச்சிரைக்க ஓடுபவர் ஒரு மணித்தியாலத்தில் இறங்கி உட்கார்ந்துவிடுவார். மூச்சு வாங்காமல் பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க முடிகிற வேகமே உடலுக்கு நிலையான வேகம். நடைக்கும் இதே அளவுகோல்தான்.

இரண்டாவது சாப்பாடு. 60 கிலோ நிறையுள்ள ஒருவர் மெதுவாகச் சைக்கிள் மிதித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 240 கலோரி செலவாகும். நாள் முழுவதும், இரவும் பகலும் மிதித்தால் 5700 கலோரிக்கு மேல். சாதாரண வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி அளவு தேவை என்று வைத்தால், அதைப்போல மூன்று மடங்கு. வெறும் வைராக்கியத்தால் எந்த உடம்பும் ஏழு நாள் ஓடாது. சோறும் தண்ணீரும் உள்ளே போனால்தான் கால் சுற்றும்.

மூன்றாவது தண்ணீரும் உப்பும். மே மாதத்துக் கொழும்பை உங்களுக்குத் தெரியும். வெசாக்குக்கு முந்திய நாட்கள், மழை தொடங்கப் பார்த்துக்கொண்டிருக்கும் புழுக்கம். சும்மா இருந்தாலே வியர்க்கும். உடலை வருத்தும்போது மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல் வியர்வையாகப் போகக்கூடும். வியர்வையோடு உப்பும் போகும். தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்து உப்பைச் சேர்க்காவிட்டால், நீண்ட நேரம் உழைக்கும் உடலில் உப்பின் அளவு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். எங்கள் ஆச்சிமார் தோட்டத்துக்கு உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் கொண்டுபோனது ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

நான்காவது நித்திரை. இரண்டு மூன்று நாள் நித்திரை இல்லாவிட்டால் மனித மனம் தடுமாறத் தொடங்கும். இல்லாததைக் காண்பார்கள், கேளாத சத்தத்தைக் கேட்பார்கள், ஆளை ஆள் மாறி அழைப்பார்கள். இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பதுங்குகுழியில் இரவுகளைக் கழித்தவர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் "எனக்கு விசர் பிடிக்கப்போகுது" என்று பயந்த சகோதரிகள் இருக்கிறார்கள். அது விசர் அல்ல. நித்திரையும் சாப்பாடும் இல்லாத மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஐந்தாவது பக்கத்தில் நிற்கும் ஆட்கள். இப்படிப்பட்ட நீண்ட முயற்சிகளை யாரும் தனியே செய்வதில்லை. தண்ணீர் கொடுக்க ஒருவர், நேரம் எழுத ஒருவர், விழுந்தால் தூக்க ஒருவர், "போதும், இறங்கு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். கடைசியாகச் சொன்னவர்தான் மிக முக்கியம்.

உடம்புக்கு ஓர் எல்லை உண்டு

ஏன் முக்கியம் என்றால், ஆனந்தனின் கதை மகிழ்ச்சியாக முடியவில்லை. 1984 ஆகஸ்ட் 6 ஆம் திகதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். ஆடிக் கலவரம் நடந்து ஒரு வருடம் கழிந்திருந்த காலம். வயது 41.

பாக்கு நீரிணையின் தண்ணீர் இளஞ்சூடானது. ஆங்கிலக் கால்வாய் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். உடலின் சூட்டைக் குளிர்ந்த நீர் காற்றைவிடப் பல மடங்கு விரைவாக இழுத்துவிடும். எவ்வளவு பெரிய வீரருக்கும் உடம்பு ஒன்றுதான். அதற்கு எல்லை உண்டு. மன உறுதியைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. எங்களிடமும் "தாங்கு, தாங்கு" என்று சொல்பவர்களே அதிகம். "போதும், இரு" என்று சொல்பவர்கள் குறைவு. காய்ச்சலோடு சமைப்பதையும், இரத்தப்போக்கை யாருக்கும் சொல்லாமல் மறைப்பதையும், நெஞ்சு வலியை வாய்வு என்று ஒதுக்குவதையும் பொறுமை என்று பாராட்டப் பழகிவிட்டோம். அது பொறுமை அல்ல. உடம்புக்குச் செய்யும் அநியாயம்.

எங்கள் மைல்கள்

இனி எங்கள் கணக்குக்கு வருவோம்.

1990 இல் வடக்குக்குப் பெற்றோல் போவது நின்றபோது எங்கள் வாழ்க்கை சைக்கிளில் ஏறியது. வைத்தியசாலைக்கு நோயாளியைக் கொண்டுபோனதும், கலியாண வீட்டுக்குப் போனதும், விறகும் நெல்லும் ஏற்றியதும் அதில்தான். பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, டைனமோவால் வானொலிச் செய்தி கேட்டோம். கிளாலிக் கடனீரேரியில் வள்ளத்தில் எங்களோடு சைக்கிளும் வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டிய சனத்தில் எத்தனை பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தோம்! கரியரில் அரிசி, ஹாண்டிலில் பை, பாரில் பிள்ளை. ஓட இடமில்லை. நடந்த நடையில் சைக்கிள் எங்களுக்கு ஒரு வண்டிலாக இருந்தது.

அந்த மைல்களை யாரும் எழுதி வைக்கவில்லை. நேரம் பார்க்க ஆள் நிற்கவில்லை. அதற்காக நாங்கள் கண்ணீர் விட வேண்டும் என்று இதை எழுதவில்லை. உங்கள் கால்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று நினைவூட்டவே எழுதுகிறேன். 2022 இல் கொழும்பில் பெற்றோல் வரிசை மைல் கணக்கில் நீண்டபோது, பெரிய உத்தியோகத்தர்களும் சைக்கிள் தேடினார்கள். புதுச் சைக்கிளின் விலை கிடுகிடுவென்று ஏறியது. வெள்ளவத்தையில் எங்கள் ஆட்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். "நாங்கள் இதை எப்பவோ பாஸ் பண்ணிட்டம்" என்று.

ஆக்கள் என்ன சொல்லுவினம்?

கொட்டாஞ்சேனைச் சகோதரியின் கேள்விக்கு, முப்பது வருடங்களுக்கு முன்னரே தமிழ்நாட்டுப் பெண்கள் ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். 1991 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் என்ற பெயரில் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதோடு, பெண்களுக்குச் சைக்கிள் பழக்குவதையும் அந்த இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார்கள். வயல் கூலிகள், கல் உடைக்கும் பெண்கள், பாலர் பாடசாலை ஆசிரியைகள், கிராமத்துத் தாதிகள் என்று பல்லாயிரக்கணக்கானோர் பழகினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. வீட்டு ஆண் வந்து ஏற்றிப் போகும்வரை இருக்கத் தேவையில்லை என்றானது.

அவர்களையும் ஊர் கேலி செய்தது. தெருவில் நின்று விசிலடித்தார்கள். பெண்கள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். சில மாதங்களில் விசிலடித்தவர்களுக்கு அலுத்துவிட்டது.

இன்னொன்று. அங்கே பெண்களுக்கான சைக்கிள் போதாமல் போனபோது, பார் வைத்த ஆண்களின் சைக்கிளை வாங்கினார்கள். பிறகு பலர் அதையே விரும்பினார்களாம். காரணம் எளிது. பாரில் பிள்ளையை இருத்தலாம்.

இதை நான் கொட்டாஞ்சேனைச் சகோதரிக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு சொன்னார்:

"அக்கா, ஆக்கள் சொல்லுறது ஒரு கதை. எனக்கு உண்மையில அது இல்லை. நான் கடைசியா ஓடின சைக்கிளும் பார் சைக்கிள்தான். இவரின்ர. இவர் இல்லாமல் போனாப் பிறகு மகனைப் பாரில இருத்தி, உடுப்பு மூட்டையைக் கரியரில கட்டி, மாத்தளனில இருந்து முள்ளிவாய்க்கால் மட்டும் அதோடதான் வந்தனான். வட்டுவாகல் பாலத்துக்குக் கிட்ட விட்டிட்டு வந்திட்டன். அங்க எவ்வளவு சைக்கிள் கிடந்தது தெரியுமே. அதுக்குப் பிறகு ஹாண்டிலைப் பிடிச்சால் கை நடுங்குது."

2009 மே. மகனுக்கு அப்போது நாலு வயது. அவனுக்கு அது ஞாபகம் இல்லை. அம்மா சொல்லவும் இல்லை. அதனால்தான் அம்மாவுக்கு ஏன் இந்தச் சைக்கிள் ஆசை, ஏன் இந்தப் பயம் இரண்டும் அவனுக்கு விளங்கவில்லை.

சகோதரிகளே, இதை அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். எங்களில் பலர் விட்டுவிட்ட பழக்கங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கும். வெளியில் "வெட்கம்" என்போம், "நேரமில்லை" என்போம். உள்ளே வேறொன்று இருக்கும். அதைக் கட்டாயப்படுத்தி உடைக்கத் தேவையில்லை. ஆனால் ஒருவரிடமாவது சொல்ல வேண்டும். கை நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும், வியர்ப்பதும், பழைய இடம் கண்முன்னே வருவதும் பல காலம் கழிந்தும் வரலாம். அடிக்கடி வந்து நித்திரையையும் வேலையையும் கெடுத்தால், அரச வைத்தியசாலைகளில் உள்ள மனநலப் பிரிவில் காட்டுங்கள். அங்கே போவது குறைவு அல்ல.

பிந்தித் தொடங்கியவர்கள்

வயது பற்றியும் இரண்டு வார்த்தை.

முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மாவைப் பற்றிப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோருக்கான மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும், 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கப் பதக்கங்கள் வென்றார். 800 மீற்றரில் வெண்கலம். எழுபது வயதைத் தாண்டியவர். முல்லைத்தீவு மண்ணிலிருந்து போனவர். முல்லைத்தீவு என்றவுடன் உலகம் ஒரு படத்தைத்தான் நினைக்கிறது. அந்த அம்மா வேறொரு படத்தையும் அதன் பக்கத்தில் வைத்துவிட்டார்.

ஐதராபாத்தைச் சேர்ந்த சியாமளா கோலி என்ற பெண் நாற்பது வயதைத் தாண்டிய பிறகே நீச்சல் பழகியவர். 2021 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றரை 13 மணித்தியாலம் 43 நிமிடங்களில் நீந்திக் கடந்தார்.

நாங்கள் எல்லோரும் பதக்கம் வெல்லப் போவதில்லை. எங்களுக்குத் தேவை வேறு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி. ஐந்து நாட்கள், நாளுக்கு அரை மணித்தியாலம். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மனச்சோர்வு, நித்திரையின்மை எல்லாவற்றுக்கும் இது உதவும். "வீட்டு வேலையே பெரிய பயிற்சி" என்று சிலர் சொல்வார்கள். வேலை உடம்பைக் களைக்கவைக்கும், உண்மைதான். ஆனால் குனிந்தபடி அல்லது இருந்தபடி தைப்பதும் அரைப்பதும் ஒரே தசைகளைத்தான் திரும்பத் திரும்ப வருத்துகின்றன. மூச்சும் இருதயமும் சீராக வேலை செய்யும் அரை மணித்தியாலம் வேறு.

தொடங்க விரும்புவோருக்கு

சைக்கிளில் உடலின் பாரத்தை இருக்கை தாங்குகிறது. அதனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நடப்பதைவிட மிதிப்பது பெரும்பாலும் இலகு. ஆனால் எலும்பின் பலத்துக்கு நடை நல்லது. மாதவிடாய் நின்றவர்கள் இரண்டையும் கலந்து செய்வது நல்லது.

பல வருடம் கழித்து ஏறுபவர்கள், முதல் சில நாட்கள் இரண்டு காலும் நிலத்தில் படும் அளவுக்கு இருக்கையைப் பதித்து வையுங்கள். பழகிய பின் உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். முழுதாக மடிந்தபடி மிதித்தால் முழங்கால் வலி கூடும்.

ரயரில் காற்று, இரண்டு பிரேக்கும், மணியும் பாருங்கள். சோலை இடுப்பில் கட்டுங்கள். செயின் கவர் இல்லாத சைக்கிளில் காற்சட்டையின் வலது காலை ஒரு இறப்பர் வளையத்தால் இறுக்குங்கள்.

காலி வீதியில் பஸ்களுக்கு நடுவே தொடங்க வேண்டாம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்கரையோர மரைன் டிரைவ் ஞாயிறு அதிகாலையில் நல்ல இடம். கொட்டாஞ்சேனையில் வீதிகள் ஒடுக்கம், லொறிகளும் அதிகம். அங்கே விடிய ஆறு மணிக்கு முன்பின்னாகப் பழகுங்கள். சந்திகளில் இறங்கி உருட்டிக் கடப்பதில் வெட்கம் வேண்டாம்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். வெயிலில் அதிக நேரம் வேலை செய்தோ ஓடியோ களைத்தால், சமையலில் சேர்க்கும் அளவு உப்பிட்ட கஞ்சியோ மோரோ குடியுங்கள். வயிற்றோட்டம் வந்த நாளில், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடிக்கலாம். இதற்கு மேல் உப்புப் போட வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் இவற்றை வைத்தியரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

உடலில் ஷெல் துண்டு உள்ளவர்கள், செயற்கைக் கால் உள்ளவர்கள், கர்ப்பப்பை சத்திரசிகிச்சை செய்தவர்கள், இருதய நோய் உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் கேளுங்கள். "கூடாது" என்றுதான் சொல்வார்கள் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். செயற்கைக் காலோடு சைக்கிள் ஓடுபவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். நெஞ்சு இறுக்கம், கண் இருட்டுதல், தாங்காத மூச்சிரைப்பு வந்தால் உடனே இறங்குங்கள். குறையாவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒரு ஞாயிறு காலை

போன ஞாயிறு, வெளிச்சம் வந்துகொண்டிருக்கும் நேரம், அந்தச் சகோதரி மரைன் டிரைவுக்கு வந்தார். அவர் பஸ்ஸில். மகன் கொட்டாஞ்சேனையிலிருந்து சைக்கிளை ஓடிக்கொண்டு. கிழமைக்குள் தாயும் மகனும் கதைத்திருக்கிறார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மகன் சாவி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். குந்தியிருந்து இருக்கையைக் கீழே இறக்கினான். பிறகு தாயைப் பார்த்து, "அம்மா, நான் பாரில இருக்கேக்க அழுதனானோ?" என்று கேட்டான்.

"இல்லை. நித்திரை கொண்டனீ."

அவர் ஹாண்டிலைப் பிடித்தார். கை நடுங்கியது, நான் பார்த்தேன். மகன் கரியரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் பின்னால் ஓடினான். பிறகு விட்டுவிட்டான். ஒரு முறை கால் ஊன்றினார். ஒரு முறை மதிலில் சாய்ந்தார். மூன்றாவது முறை பம்பலப்பிட்டிப் பக்கமாகப் போனவர் திரும்பி வரும்வரை நிற்கவில்லை. நடைக்கு வந்தவர்கள் யாரும் அவரைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. ஒரு வயோதிபர் மட்டும் வழி விட்டு ஒதுங்கினார்.

இருபது நிமிடம். மகன் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்து வைத்திருந்தான். இறங்கியவர் முதலில் கேட்டது தண்ணீர். அடுத்துச் சொன்னது, "இண்டைக்கு இது போதும்."

மறுநாள் அவர் நடந்துதான் வேலைக்குப் போனார். வீதிக்கு இறங்க இன்னும் சில ஞாயிறுகள் வேண்டும் என்கிறார். அவசரம் இல்லை.

உங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே, கோடிப்புறத்தில், சுவரோடு சாத்தியபடி ஒரு சைக்கிள் நிற்கக்கூடும். சைக்கிள் இல்லாவிட்டால் காலுக்கு ஒரு செருப்பு இருக்கும். இந்த மாதம் நாளுக்கு இருபது நிமிடம் எடுத்துப் பாருங்கள். நேரம் பார்க்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையோ தோழியோ. எவ்வளவு ஓடினீர்கள், எவ்வளவு நடந்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இதுவரை எழுதப்படாத உங்கள் மைல்களை இனியாவது எழுதலாம் அல்லவா?

அடுத்த மாதம் சந்திப்போம்.